கைக்குழந்தையில் சீழ் கோத்த இடுப்பு: 36 வயதில் மாற்று மூட்டு வைக்கலாமா?

4 மார்ச் 2023 (கேள்வி)

எனக்கு வயது 36. பிறந்து ஒன்றரை மாதத்தில் வலது இடுப்பு மூட்டில் சீழ் கோத்து, அறுத்து எடுத்திருக்கிறார்கள். தழும்பு இருக்கிறது, ஃபைல் எதுவும் கையில் இல்லை. அந்தக் கால் கட்டை. சின்ன வயதிலிருந்தே சாய்ந்துதான் நடக்கிறேன், அது பழகிவிட்டது. மூன்று வருடமாக வலி. இப்போது ராத்திரி புரண்டு படுக்க முடியவில்லை. ஒரு டாக்டர் மூட்டை மாற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், பழைய கிருமி உள்ளேயே கிடக்கும், ஐம்பது வயது வரை மாத்திரையில் ஓட்டு என்கிறார். இதே கதை உள்ளவர்கள் யாராவது செய்துகொண்டீர்களா? வயதானவர்கள் அனுபவம் வேண்டாம், என் மாமாவே செய்திருக்கிறார்.

5 மார்ச் 2023

நான் செய்துகொண்டவள். எனக்கு இடது பக்கம், மற்றபடி உங்கள் கதையேதான். 41 வயதில் அறுவை, 2016இல். எந்த மருத்துவமனை என்று கேட்க வேண்டாம், நல்லதும் சொல்ல மாட்டேன், கெட்டதும் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த "ஐம்பது வரை ஓட்டு". எனக்கும் முப்பது வயதிலிருந்து அதையே சொன்னார்கள். அதற்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் என்ற ஊரில் ஜான் சார்ன்லி 1962இல் உலோகத் தண்டு, பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கில் கிண்ணம், எலும்பு சிமென்ட் என்று சேர்த்து வைத்ததுதான் இன்றைய அறுவைக்கு அடிப்படை. வயதான, அதிகம் அலையாத ஆட்களை நினைத்துச் செய்தது அது. இளவயதுக்காரர் அதைப் போட்டுக்கொண்டு ஓடியாடினால் பிளாஸ்டிக் தேயும். தேய்ந்த தூள் பக்கத்து எலும்பை அரிக்கும், கப் (அந்தச் செயற்கைக் கிண்ணம்) ஆடத் தொடங்கும். 1990களின் கடைசியில் கதிர்வீச்சு கொடுத்து உறுதியாக்கிய பாலிஎத்திலீன் வந்தபிறகு தேய்மானம் வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய பிளாஸ்டிக்குக்குச் சொன்ன அறிவுரையைப் புதியதற்கும் அப்படியே சொல்கிறார்கள்.

இன்னொன்று, தள்ளிப்போடுவதும் சும்மா வராது. நாம் தள்ளும் வருடங்களில் பிட்டத்துச் சதை வற்றுகிறது, தொடை எலும்பு மெலிகிறது, முதுகும் முழங்காலும் சேர்ந்து கெடுகின்றன. எனக்கு இடுப்பைவிட முதுகு அதிகம் கெட்டிருந்தது.

கிருமி விஷயம் தனியாக எழுதுகிறேன், அடுப்பில் குழம்பு இருக்கிறது.

5 மார்ச் 2023, இரவு

கிருமி. உங்கள் இரண்டாவது டாக்டர் பயப்படுவது வெறும் பயம் என்று தள்ள முடியாது. ஆனால் குழந்தையில் வந்து ஆறி, பத்து வருடத்துக்கு மேல் சீழோ, தழும்பில் கசிவோ, காரணமில்லாத காய்ச்சலோ இல்லாமல் அமைதியாக இருந்த மூட்டில் அது திரும்பி வரும் வாய்ப்பு குறைவு. உங்களுக்கு முப்பத்தைந்து வருடம் அமைதி.

அதற்காகச் சோதிக்காமல் விடமாட்டார்கள். உடலில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் ரத்தத்தில் பார்ப்பார்கள். அதில் சந்தேகம் வந்தால் ஊசி போட்டு மூட்டு நீரை எடுத்துக் கல்ச்சர் வைப்பார்கள், அதாவது கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். அறுவை மேசையில் திறந்தபிறகும் உள்ளிருந்து சதைத் துண்டுகள் எடுத்து அனுப்புவார்கள். கிருமி இருப்பதாகத் தெரிந்தால் அன்று மூட்டு வைக்க மாட்டார்கள். சுத்தம் செய்து, ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட்டை இடைக்காலமாக வைத்து மூடிவிட்டு, எல்லாம் அடங்கியபின் இரண்டாம் முறை திறப்பார்கள். "ஒருவேளை இரண்டு கட்டமாகப் போகலாம்" என்று என்னிடம் முன்கூட்டியே சொன்ன டாக்டரைத்தான் நான் நம்பினேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லமா" என்றவரிடம் திரும்பப் போகவில்லை.

7 மார்ச் 2023

"குழந்தைக்கு அப்படி என்னதான் ஆகிறது, ஒரு சீழ் எப்படி எலும்பையே தின்னும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

தாமஸ் ஸ்மித் என்ற லண்டன் அறுவை மருத்துவர் 1874இலேயே இதை விவரித்திருக்கிறார். நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் இன்றும் டாம் ஸ்மித் ஆர்த்ரைட்டிஸ் என்றே எழுதுகிறார்கள், என் சீட்டிலும் அதுதான் இருந்தது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. தொப்புள் கொடி வழியாகவோ, தோலில் ஒரு புண் வழியாகவோ, தொடை மடிப்பில் ரத்தம் எடுத்த ஊசி வழியாகவோகூட ரத்தத்தில் ஏறலாம். சின்னக் குழந்தையில் தொடை எலும்பின் தலைப்பந்து முழுக்கக் குருத்தெலும்புதான். எக்ஸ்ரேயில் தெரியவே நாலு, ஆறு மாதம் ஆகும். அந்த வயதில் ரத்தக்குழாய்கள் வளர்ச்சித் தகட்டை (எலும்பு நீளமாக வளர்கிற இடம்) தாண்டிப் பந்துக்குள் போவதால் கிருமியும் கூடவே போய்விடும். போதாததற்கு எலும்பின் கழுத்துப் பகுதி மூட்டு உறைக்குள்ளேயே இருக்கிறது. சீழ் கோத்ததும் உறைக்குள் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்றுபோகும், சீழில் உள்ள நொதிகள் குருத்தெலும்பைக் கரைக்கும். சில நாட்களில் பந்து போய்விடும். அதற்கப்புறம் பந்தில்லாமல் கிண்ணம் வளராது, கிண்ணமில்லாமல் தொடை எலும்பு மேலே ஏறிக்கொள்ளும்.

என் விஷயத்தில் அழுதபோது "உரம் விழுந்திருக்கு" என்று சேலையில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். அந்த ஊரில் அந்த வருடம் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். இதைப் படிப்பவர்களில் கைக்குழந்தை உள்ளவர்கள் ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள்: ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்து, துணி மாற்றும்போது வீறிட்டால் அன்றைக்கே மருத்துவமனை. பிறந்த குழந்தைக்குக் காய்ச்சல் இருக்க வேண்டும் என்பது கட்டாயம் கிடையாது.

8 மார்ச் 2023

மாமியாருக்குச் செய்து ஒரு மாதத்தில் மாடிப்படி ஏறினார் என்று எழுதிய அம்மாவுக்கு: சந்தோஷம். ஆனால் கேள்வி கேட்ட தம்பி தலைப்பிலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் மாமியாருக்கு அறுபது வருடம் ஒழுங்காக வேலை செய்த மூட்டு. கிண்ணம் கிண்ணமாக இருந்தது, சதை சதையாக இருந்தது. எங்களுக்குக் கிண்ணம் ஆழமில்லாமல் தட்டையாக, சின்னதாக இருக்கும். தொடை எலும்பின் உள் குழாய் குறுகியிருக்கும், அதுவும் முறுக்கிக்கொண்டிருக்கும். கப் உட்காரவே சில சமயம் எலும்பு ஒட்டு வைக்க வேண்டும். சின்னக் கப்புக்குச் சின்னப் பந்துதான் பொருந்தும், பந்து சின்னதானால் மூட்டு நழுவும் அபாயம் கூடும்.

அதனால் "டாக்டர் எத்தனை இடுப்பு மாற்றியிருக்கிறார்" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. "குழந்தைச் சீழ், பிறவி இடுப்பு விலகல், இந்த மாதிரி இடுப்பு எத்தனை மாற்றியிருக்கிறீர்கள்" என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறாரா என்றும் பாருங்கள், அதுவும் ஒரு பதில்தான்.

9 மார்ச் 2023

கால் நீளம். தம்பி, எவ்வளவு கட்டை என்று நீங்கள் சொல்லவில்லை.

நான் ஆசைப்பட்டது முழுசாகச் சமமாக்க. எனக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் கிட்டே வித்தியாசம். டாக்டர் முடியாது என்றார். தொடைக்குப் பின்னால் போகிற சியாட்டிக் நரம்பு நாற்பது வருடமாகக் கட்டைக் காலின் அளவுக்கே இருந்து பழகியது. ஒரேயடியாக நாலு சென்டிமீட்டருக்கு மேல் இழுத்தால் நரம்பு பாதிக்கப்படும் அபாயம் ஏறும், பாதம் தூக்க முடியாமல் தொங்கிப்போகலாம். அதற்கு ஒரு வழியும் சொன்னார். கேட்டதும் சிரிப்பு வந்தது. பந்து ரொம்ப மேலே ஏறிப்போன இடுப்பில், அதைக் கீழே பழைய இடத்துக்குக் கொண்டுவர, தொடை எலும்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுவார்களாம். கட்டைக் காலை நீட்டப் போன இடத்தில் எலும்பைக் குறைக்கிறார்கள்!

எனக்கு அது தேவைப்படவில்லை. மூன்று சென்டிமீட்டர் கிடைத்தது. மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது "கால் கட்டைவிரலை மேலே தூக்குங்க" என்றுதான். வலி இருக்கா என்றுகூட அப்புறம்தான் கேட்டார்கள்.

9 மார்ச் 2023, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதில் முக்கியமானது விட்டுப்போயிற்று. அளவுகோலில் இன்னும் இரண்டு சென்டிமீட்டர் கட்டைதான், ஆனால் எழுந்து நின்றபோது அந்தக் கால் நீளமாகிவிட்டதுபோல இருந்தது. அழுதுவிட்டேன். இடுப்பெலும்பு இத்தனை வருடம் ஒரு பக்கம் சாய்ந்தே இருந்ததால் மூளை அதையே நேர் என்று வைத்திருக்கிறது. அதற்கு ஈடாக முதுகில் விழுந்த வளைவு இளகக்கூடியதாக இருந்தால் மாதங்கள் போகப்போக இது சரியாகும். இறுகிப்போன வளைவாக இருந்தால் ஆகாது. அதனால் அறுவைக்கு முன் முதுகெலும்பையும் எக்ஸ்ரே எடுத்து, பக்கவாட்டில் வளையச் சொல்லிப் பார்ப்பார்கள். பார்க்கவில்லை என்றால் நீங்களே கேளுங்கள். இறுகிய முதுகுக்காரருக்கு நீளத்தை அளவுகோல்படி சமமாக்கினால் கால் நீண்டதுபோலவே ஆயுசுக்கும் நடக்க வேண்டியதாகிவிடும்.

12 மார்ச் 2023

செருப்புக் கதை கேட்டார்கள். பேருந்து நிலையம் எதிரே ஒரு தாத்தாதான் எனக்குச் செருப்புக்கு அடியில் டயர் ரப்பர் அடுக்கி உயர்த்தித் தருவார். அறுவைக்கு அப்புறம் போய், இனிமேல் ரெண்டு சென்டிமீட்டர் போதும் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பொழைப்புல கைய வச்சிட்டாரே டாக்டரு" என்றார். இப்போது உள்ளே வைக்கிற ஒரு மெல்லிய பட்டையோடு கடைச் செருப்பே போடுகிறேன். நாற்பதைத் தாண்டித்தான் ஜோடிச் செருப்பு அப்படியே கடையில் வாங்கினேன், அதுவும் ஊதா.

13 மார்ச் 2023

எத்தனை வருடம் தாங்கும் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்கிறார்கள். 2019இல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலியா, பின்லாந்து நாடுகளின் மூட்டு மாற்றுப் பதிவேடுகளை வைத்து ஒரு கணக்கு வந்தது: 25 வருடம் கழித்தும் ஏறத்தாழ 58 சதவீத இடுப்பு மூட்டுகள் மாற்றாமல் இருந்தன. அதில் பெரும்பாலானவர்கள் சாதாரண மூட்டுத் தேய்மானக்காரர்கள். 2017இல் அதே இதழில் வந்த இன்னொரு ஆய்வில், ஐம்பதின் தொடக்கத்தில் இடுப்போ முழங்காலோ மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு ஆயுளுக்குள் மறுபடி மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு 35 சதவீதம் வரை, எழுபதைத் தாண்டியவர்களுக்கு 5 சதவீதம்போல. தம்பிக்கு 36. ஒரு தடவை மாற்றும்படி வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் கேட்க வேண்டியது, அடுத்த தடவைக்கு எலும்பு மிச்சம் இருக்கும்படி இப்போது எப்படி வைக்கப்போகிறார் என்பது.

உலோகத்தின் மேல் உலோகம் உரசும் வகை பற்றி ஒருவர் கேட்டார். அதில் ஒரு வகையை 2010இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றார்கள், கோபால்ட் ரத்தத்தில் கலந்த விவகாரம். இப்போது இளவயதுக்காரருக்குப் பெரும்பாலும் பீங்கான் பந்து, முன்னே சொன்ன உறுதியாக்கிய பாலிஎத்திலீன் கிண்ணம். எனக்கும் அதுவே. பீங்கானில் பீங்கான் வைத்தால் தேய்மானம் இன்னும் குறைவு, ஆனால் சிலருக்கு நடக்கும்போது கீச்சென்று சத்தம் வருமாம். கோயில் பிராகாரத்தில் நினைத்துப் பாருங்கள்.

16 மார்ச் 2023

பணம். "மூட்டு விலையை அரசு கட்டுப்படுத்திவிட்டது, இனி எல்லா இடத்திலும் ஒரே விலை" என்று எழுதியவர் கவனிக்க: 2017 ஆகஸ்டில் உச்சவிலை வைத்தது முழங்கால் மூட்டுக்கு. இடுப்பு மூட்டு அந்த உத்தரவில் இல்லை. மருத்துவமனைக்கு மருத்துவமனை பெரிய வித்தியாசம் இருக்கிறது. எழுத்தில் வாங்குங்கள், கப், பந்து, தண்டு, கப்புக்குள் வைக்கிற உள்ளுறை எல்லாம் சேர்த்தா, தனித்தனியா என்று கேட்டு வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மாற்று அறுவை உண்டு, அரசு மருத்துவமனையிலேயே செய்கிறார்கள். எனக்கு அது பொருந்தவில்லை, அலுவலகக் காப்பீடு. அந்தக் காப்பீட்டுக்காரர்கள் "இது முன்பே இருந்த நோய்" என்று ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஆமாம், 1975இலிருந்தே இருக்கிறது, நான் மறைக்கவில்லையே. பல கடிதங்களுக்குப் பிறகு கொடுத்தார்கள், முழுசாக இல்லை.

19 மார்ச் 2023

தரையில் உட்காருவது. இதுதான் நம் ஊரில் உண்மையான கேள்வி, வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்காது.

எனக்குப் பின்பக்கமாகத் திறந்தார்கள். அப்படித் திறந்தால் முதல் சில மாதங்களுக்கு இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது, காலை நடுக்கோடு தாண்டிக் குறுக்கே போடக் கூடாது, உள்பக்கம் திருப்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் பந்து வெளியே வரும். தாழ்ந்த சோபா, தரைக் கழிப்பறை, குனிந்து கோலம், எல்லாம் போயிற்று. சேலை கட்டிக்கொண்டு வண்டியில் பின்னால் ஒருபக்கமாக உட்காருவதையும் நிறுத்தச் சொன்னார்கள். சுடிதாருக்கு மாறினேன், மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் முழங்கால் வலி.

சம்மணம்? ஒரு வருடம் கழித்து என் டாக்டர், கால் வெளிப்பக்கம் திரும்புகிற நிலை என்பதால் அவ்வப்போது பரவாயில்லை என்றார். இன்னொருவர் கூடவே கூடாது என்றார். நான் பந்தியில் உட்காருவதில்லை, நாற்காலி கேட்டு வாங்கிக்கொள்கிறேன். குந்துவது மட்டும் இன்றைக்கும் இல்லை. மடிக்கிற கமோட் ஸ்டூல் ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் அதுவும் கூட வரும். முதலில் கூச்சம். இப்போது ஊரில் இரண்டு பாட்டிகள் அது எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வாங்கிவிட்டார்கள்.

20 மார்ச் 2023

தம்பி ஆண்பிள்ளை, வேலை என்ன என்று சொல்லவில்லை. கியர் வண்டியை உதைத்து ஸ்டார்ட் செய்கிற ஆளா நீங்கள்? வலது இடுப்பு. அதை விட்டுவிடுங்கள்.

27 மார்ச் 2023

"எனக்குக் காசநோய் வந்த இடுப்பு, இதெல்லாம் எனக்கும் பொருந்துமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கொஞ்சம் வேறு. சீழ்க் கிருமி சில நாட்களிலேயே மூட்டை முடித்துவிடும். காசநோய் மாதக்கணக்கில் மெதுவாக வரும், குழந்தை தூக்கத்தில் வலியில் அலறும். ஆறியபிறகும் அந்தக் கிருமி நெடுநாள் தூங்கிக் கிடந்து எழும் என்பதால், பல மருத்துவர்கள் மூட்டு மாற்றும்போது காசநோய் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். குழந்தையில் உங்களுக்கு வந்தது எது என்று தெரியாவிட்டால் டாக்டரிடம் "தெரியாது" என்றே சொல்லுங்கள், அதற்கேற்பத் திசுவைச் சோதிப்பார்கள். ஃபைல் இல்லாத தம்பிக்கும் இது சேரும். ஒன்றரை மாதத்தில் வந்தது என்பதால் உங்களுடையது பெரும்பாலும் சீழ்க் கிருமிதான், இருந்தாலும் சொல்லிவையுங்கள்.

2 ஏப்ரல் 2023

எல்லாவற்றையும் திரும்பப் படித்துப் பார்த்தேன். ரொம்ப நல்லபடியாக எழுதிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: வலி போயிற்று, நடை போகவில்லை.

நாம் ஒரு காலில் நிற்கும்போது இடுப்பைச் சரியவிடாமல் பிடிப்பது பிட்டத்தின் பக்கவாட்டுச் சதை. பந்து கரைந்து எலும்பு மேலேறியதால் அந்தச் சதை தளர்ந்து, குழந்தையிலிருந்தே முழு வேலை செய்ததில்லை. மூட்டை மாற்றினால் அதற்கு இழுபிடிப்பு கிடைக்கும், ஆனால் செத்த சதை எழுந்து வராது. பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்கும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்தேன். சாய்வு பாதியாகக் குறைந்திருக்கும். சாயங்காலம் களைத்துவிட்டால் பழையபடி வந்துவிடும். என் தங்கை பின்னாலிருந்து பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

நடை நேராகும் என்று எதிர்பார்த்து மேசையில் ஏறிய ஒருவரைப் பிசியோ அறையில் பார்த்திருக்கிறேன். வலி சுத்தமாக இல்லை, ஆனாலும் ஏமாந்துபோனதாகவே பேசிக்கொண்டிருந்தார். தம்பி முதல் நாளே சாய்வு பழகிவிட்டது என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் தைரியமாகச் செய்யலாம் என்பது என் அபிப்பிராயம். வலிக்காகச் செய்யுங்கள். சாய்வுக்காகச் செய்வதானால் இன்னும் யோசியுங்கள்.

11 ஏப்ரல் 2023 (கேட்டவர்)

அக்கா, இரண்டு பேரையும் விட்டுவிட்டு மூன்றாவது டாக்டரைப் பார்த்தேன். இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இயல்பு. சி.டி. எடுக்கச் சொன்னார். கால் வித்தியாசம் நாலு சென்டிமீட்டர். அவரே முதுகை வளைத்துப் பார்த்தார். இது மாதிரி இடுப்பு எவ்வளவு செய்திருக்கிறீர்கள் என்றதற்குச் சிரித்துவிட்டு பழைய எக்ஸ்ரேக்களைக் காட்டினார். ஜூனில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். வேலை லேத் பட்டறை, நாள் முழுக்க நிற்பது.

11 ஏப்ரல் 2023

எக்ஸ்ரே காட்டினாரா, நல்லது. சி.டி. பார்த்தபின் கப் அளவும் தண்டு அளவும் முன்கூட்டியே வரவழைக்க வேண்டியிருக்கும், சின்ன அளவுகள் எல்லாக் கடையிலும் இருப்பில் இருக்காது. தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிட்டதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சொத்தைப் பல் இருந்தால் இப்போதே பிடுங்கிவிடுங்கள், தோலில் ஒரு சின்னக் கொப்புளம் இருந்தாலும் அன்றைக்கு மேசையிலிருந்து இறக்கிவிடுவார்கள். இரும்புச்சத்தும் பாருங்கள். புகை உண்டென்றால் இன்றோடு.

லேத் வேலைக்கு உடனே போக முடியாது. மூன்று மாதமாவது முதலாளியிடம் இப்போதே பேசிவையுங்கள், திரும்பியதும் உட்கார்ந்து செய்கிற வேலை கொஞ்ச நாளைக்குக் கேளுங்கள். உயரமான ஸ்டூல் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளலாம், உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்ந்து இருக்கும் உயரம். வீட்டுக் கழிப்பறை எது என்று சொல்லுங்கள், தரைக் கழிப்பறை என்றால் அதற்கு ஆள் பிடிக்கவே மே மாதம் முழுக்கப் போய்விடும்.